மூன்றாவது செட்

தென்காசி
18-5-34

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தம்பி நெல்லையப்பன் வணங்கி எழுதுவது. மதினி, சங்கரபாண்டி, நான் மூவரும் சௌக்கியம். ரங்கூனில் உங்களுக்கு வந்த வயிற்றுக்கடுப்பு முழுசாக நின்றுவிட்டதா என்று மதினி கேட்கச் சொன்னார்கள். மில் வேலைக்காக நேரத்துக்குச் சாப்பிடாமல் இருந்துவிடாதீர்கள்.

ஒரு சங்கதி. துரைமாருக்கு ஆடச் சொல்லிக் கொடுக்கும் மார்க்கராக நான் இருக்கும் குற்றாலம் கிளப்பில் இந்தச் சீசனுக்குப் பையன்களின் ஜோடி டென்னிஸ் போட்டி நடத்துகிறார்கள். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள். வழக்கமாக மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் துரைமார் வீட்டுப் பிள்ளைகள்தான் ஆடுவார்கள். இந்தத் தடவை எட்டு ஜோடி வேண்டும், ஏழுதான் சேர்ந்திருக்கிறது. செக்ரட்டரி துரை என்னைக் கூப்பிட்டு, "உன் அண்ணன் மகனும் அந்த வாத்தியார் பையனும் ஆடட்டுமே" என்றார். அண்ணாச்சியைக் கேட்டுச் சொல்லுகிறேன் என்றேன்.

வாத்தியார் பையன் என்பது நம் அடுத்த தெரு மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் மகன் ஏசுதாசன். அவனுக்கும் சங்கரபாண்டிக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. ஒரு வருஷமாக விடியும்போது, துரைமார் எழுந்திருக்கு முன்னால், இருவருக்கும் சொல்லிக் கொடுத்து வருகிறேன். உங்களுக்கு இதை முன்னமே எழுதியிருக்க வேண்டும். படிப்பு கெடும் என்று சொல்லுவீர்களோ என்று எழுதவில்லை. வலைக்கு அருகில் சங்கரபாண்டி நின்றுவிட்டால் பந்து அவனைத் தாண்டிப் போகாது. ஏசுதாசன் பின்னால் நின்று எதையும் எடுத்துவிடுவான். ஒருவன் நகர்ந்தால் மற்றவன் தானாக நகர்கிறான்.

உங்கள் சம்மதம் வேண்டும். இன்னொன்று, புல் கோர்ட்டில் வெறுங்காலோடு இறங்க விடமாட்டார்கள். அடி ரப்பர் போட்ட வெள்ளைக் கித்தான் ஷூ வேண்டும். இங்கே கிடைக்காது.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
நெல்லையப்பன்


ரங்கூன்
30-5-34

சிரஞ்சீவி நெல்லையப்பனுக்கு அண்ணன் பலவேசம் ஆசி. கடுப்பு நின்றுவிட்டது. பேச்சித்தாயைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. மில் கணக்கப்பிள்ளை மகன் பரீட்சைக்குப் படிக்காமல் பந்து அடிக்கிறானா என்று. இரண்டாம் முறை படிக்கையில் "வலைக்கு அருகில் நின்றுவிட்டால்" என்று எழுதியிருந்தாயே, அங்கேயே நின்றுவிட்டேன். நான் அவனைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. அவன் எப்படி நிற்பான் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆடட்டும். ஷூ வாங்கி இன்றைக்கே பார்சலில் போட்டிருக்கிறேன். நான் புறப்பட்டபோது அவன் பாதம் என் பாதத்துக்கு இரண்டு விரற்கடை குறைவாக இருந்தது. இப்போது வளர்ந்திருப்பான் என்று கணக்குப் பண்ணி வாங்கினேன்.

அவனிடம் ஒன்று சொல். தோற்றால் தோற்கட்டும். அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்னால் பாதியில் விட்டுவிட்டு வரக்கூடாது.

இப்படிக்கு,
பலவேசம்


தென்காசி
20-6-34

அன்புள்ள அண்ணாச்சிக்கு நெல்லையப்பன் வணக்கம். இங்கே எல்லாரும் நலம். சாரல் தொடங்கிவிட்டது. மதினிக்கு மட்டும் லேசாக ஜலதோஷம். நீங்கள் அங்கே மழையில் நனையாமல் இருங்கள்.

பார்சல் பழுதில்லாமல் வந்தது. சங்கரபாண்டி ஷூவை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்தான். மதினி, "ஏலே, சாணி மெழுகுன தரைய மிதிக்காதலே" என்று சத்தம் போட்டார்கள். அவன் அப்படியே திரும்பி வாசலுக்கு ஓடினான். ஏசுதாசனுக்குச் செக்ரட்டரி துரையின் மகனுடைய பழைய ஷூ கிடைத்திருக்கிறது.

கோர்ட்டில் பின்கோட்டுப் பக்கம் புல் தேய்ந்து மண் தெரிகிறது. போட்டிக்குள் தழைய வேண்டுமென்று துரை உத்தரவு. நாலு நாளாக எனக்கு அந்த வேலைதான்.

கீழே சங்கரபாண்டி எழுதுகிறான்.

அப்பாவுக்கு சங்கரபாண்டி நமஸ்காரம். ஷூ ரொம்ப நன்றாக இருக்கிறது. எனக்கென்றே தைத்தது போல் இருக்கிறது. படிப்பையும் விடவில்லை. நீங்கள் எப்போது வருவீர்கள்? போட்டிக்கு வரமுடியாது என்று தெரியும். சும்மா கேட்டேன்.


தென்காசி
8-7-34

அண்ணாச்சிக்கு வணக்கம். யாவரும் க்ஷேமம். மதினிக்கு ஜலதோஷம் விட்டுவிட்டது.

இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டோம்! "விட்டோம்" என்று எழுதுகிறேன், மன்னிக்கவும். வெளியே நின்று பந்து பொறுக்கிப்போட்டதுதான் நான் செய்தது.

முதல் ஆட்டம் சுலபம். நேற்று நடந்த இரண்டாவது ஆட்டத்தில் பாதியில் சாரல் பிடித்துக்கொண்டது. புல் எண்ணெய் தடவினது போல் வழுக்கியது. இரண்டு பக்கத்துப் பையன்களும் மாறி மாறி விழுந்தார்கள். அப்புறம் செக்ரட்டரி துரையே, "வேண்டுமானால் ஷூவைக் கழற்றிவிட்டு ஆடலாம்" என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் சங்கரபாண்டி கழற்றி எறிந்துவிட்டான். அதன் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. துரைசானி ஒருத்தி குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே கைதட்டினாள்.

வெளியே வந்ததும் ஏசுதாசன், "நீ எதுக்குலே எம்பக்கத்துப் பந்தெல்லாம் அடிக்கே?" என்று சண்டைக்குப் போனான். இவன், "நீ எடுக்க மாட்டேன்னு நெனச்சேன்" என்றான். "நெனைக்காதலே. அங்கன நில்லு" என்றான் அவன். பிறகு இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு ஐந்தருவிக்குக் குளிக்கப் போனார்கள்.

வருகிற சனிக்கிழமை பதினாலாம் தேதி கடைசி ஆட்டம். எதிரே தேயிலைத் தோட்டத்துத் துரையின் இரட்டைப் பிள்ளைகள். முடிவை உடனே எழுதுவேன்.

நெல்லையப்பன்


ரங்கூன்
19-7-34

சிரஞ்சீவி நெல்லையப்பனுக்கு. நான் சௌக்கியம். இங்கே ஓயாத மழை. ஆனால் உன் கடிதம் வந்த நாளில் எனக்கு வெயில் அடித்தது.

மில்லில் கூட வேலை பார்க்கும் ரத்தினம் அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டார், "ஜெயிச்சா என்னவே குடுப்பாவ?" கப் கொடுப்பார்கள் என்றேன். "அதுல காப்பி குடிக்கலாமாவே?" என்றார். நேற்றெல்லாம் என்னைக் கண்டவர்கள் காப்பி கேட்கிறார்கள்.

இதை எழுதும்போது ஆட்டம் முடிந்து ஐந்து நாள் ஆகிவிட்டது. உங்களுக்கெல்லாம் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை. உன் கடிதம் கடலில் வந்துகொண்டிருக்கும். இந்தத் தடவை சங்கரபாண்டி இரண்டு வரியோடு நிறுத்தாமல் முழுக் கடிதம் எழுதட்டும்.

பலவேசம்


தென்காசி
28-7-34

அண்ணாச்சி அவர்களுக்கு,

செவ்வாய்க்கிழமை அடித்த தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் அதற்கு மேல் எழுத முடியவில்லை. இப்போதும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் கண்டது. டாக்டரிடம் காட்டினோம். மருந்து கொடுத்தார். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் போய்விட்டான். காரியங்களை நான் செய்தேன். நீங்கள் செய்ய வேண்டியதை நான் செய்தேன்.

மதினி இருக்கிறார்கள். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

நெல்லையப்பன்


ரங்கூன்
7-8-34

நெல்லையப்பனுக்கு,

தந்தியை நான் நம்பவில்லை. வேறு யாருக்கோ வந்தது என்று தந்திக்காரனைத் திருப்பி அனுப்பினேன். அவன் என் பெயரைப் படித்துக் காட்டினான். பிறகு உன் கடிதம் வந்தது.

கப்பல் ஏறுகிறாயா என்று ரத்தினம் அண்ணாச்சி கேட்டார். ஏறி வந்து எதைப் பார்க்க? சாம்பலும் கரைத்தாகிவிட்டது.

இரவும் பகலும் உன் கடிதத்தையே பார்க்கிறேன். பந்து, குடை, துரைசானி என்று இரண்டு பக்கம் எழுதுகிறவன் நீ. என் மகன் செத்ததற்கு ஆறு வரி எழுதியிருக்கிறாய். என்ன காய்ச்சல்? எந்த டாக்டர்? அவன் என்ன சொன்னான்? என்னைக் கேட்டானா? பதினாலாம் தேதி ஆட்டம் என்ன ஆயிற்று? அதற்குக்கூட நீ பதில் எழுதவில்லை.

எல்லாவற்றையும் எழுது. தாங்கமாட்டேன் என்று எதையும் மறைக்காதே.

பேச்சித்தாயைப் பார்த்துக்கொள்.

பலவேசம்


ரங்கூன்
5-9-34

நெல்லையப்பனுக்கு,

என்ன காய்ச்சல், என்னைக் கேட்டானா என்று கேட்டு எழுதினேன். ஒரு மாதமாகப் பதில் இல்லை. நீ உயிரோடு இருக்கிறாயா இல்லையா என்றாவது எழுது. இந்தக் கடிதத்தைப் பேச்சித்தாயிடம் யாராவது படித்துக்காட்டட்டும். நீ எழுதாவிட்டால் அவள் சொல்லி எழுதட்டும்.

பலவேசம்


தென்காசி
16-9-34

சங்கரபாண்டி அப்பாவுக்கு, பேச்சித்தாய் சொல்லச் சொல்ல வாத்தியார் மகன் ஏசுதாசன் எழுதுவது. அவர்கள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

நான் இருக்கேன். நீங்க நல்லா இருக்கேளா? வயிறு இப்ப எப்படி இருக்கு? வேளைக்குச் சாப்பிடுங்க.

ஒங்க தம்பி இங்கன இல்லாத மாதிரிதான் இருக்காவ. கிளப்பு வேலைய விட்டுட்டாவ. காலையில போனா சாயந்திரம் வருதாவ. எங்க போறாவன்னு தெரியாது. சோத்த வச்சா அதையே பாத்துட்டு இருக்காவ. ஒங்க காயிதம் வந்தா வாங்கி மடியில வச்சிக்கிடுவாவ. என்ன எழுதியிருக்குன்னு கேட்டா எந்திரிச்சிப் போயிருவாவ. இந்தத் தடவ தபால்காரர் எங் கையில குடுத்ததால இவன வாசிக்கச் சொன்னேன்.

நீங்க கேட்டேளாமே, சொல்லுதேன். வெள்ளிக்கிழம காலம்பற, "எம்மா, வாயத் தெறக்க முடியல"ன்னான். பல்லு வலின்னு நெனச்சேன். மறுநாள் முதுகு வில்லு மாதிரி வளைஞ்சிட்டு. சத்தம் கேட்டா ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. வெளிச்சம் பட்டாலும் அப்படித்தான். கதவச் சாத்தி, சன்னல்ல சீலையக் கட்டி, நான் மூச்சு விடாம பக்கத்துல உக்காந்திருந்தேன். செவ்வாக்கிழம அம்மன் கோயில்ல கொடை. மேளம் அடிக்க ஆரம்பிச்சாவ. ஒவ்வொரு அடிக்கும் எம்புள்ள துடிச்சான். நான் தலவிரி கோலமா ஓடிப்போயி கொட்டுக்காரங்க காலுல விழுந்தேன். கொடைய நிறுத்துனா ஊருக்கு ஆகாதுன்னு ஒருத்தர் சொன்னாரு. பெரியவரு ஒருத்தரு, "நிறுத்துங்கவே, அம்மனுக்குக் காது கேக்கும்"னாரு. நிறுத்திட்டாவ. நான் திரும்பி வந்து பாத்தேன். அமைதியா இருந்தான். மேளம் நின்னதாலதான் அமைதியா இருக்கான்னு நெனச்சி, கொஞ்ச நேரம் சந்தோசமா இருந்தேன்.

ஒங்களக் கேட்டானான்னு எழுதியிருக்கேளே. வாய் கட்டிப்போன புள்ள எதக் கேப்பான்?

இதுவரை அவர்கள் சொன்னது. இனி நானாக எழுதுகிறேன். அவர்களுக்குப் படித்துக் காட்டப்போவதில்லை. மாமா என்னை மன்னிக்க வேண்டும்.

ஷூ அவனுக்குச் சிறிதாக இருந்தது. முதல் நாளே குதிகால் உரிந்துவிட்டது. "அப்பா வாங்கி அனுப்புனது, கடிக்குதுன்னு ஆருகிட்டயும் சொல்லிராத" என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். சாரலில் ஷூவைக் கழற்றி ஆடினதும் அந்தப் புண்ணோடுதான். கடைசி ஆட்டத்தில் வெள்ளைக் கித்தான் பின்பக்கம் சிவந்துவிட்டது. ஒரு செட் நாங்கள் எடுத்தோம், ஒரு செட் அவர்கள் எடுத்தார்கள். நான் நிறுத்திவிடலாம் என்றேன். அதன் பிறகு நடந்ததைச் சித்தப்பாதான் சொல்ல வேண்டும்.

டாக்டர் வந்ததும், "உடம்பில் எங்கேயாவது புண் உண்டா?" என்று கேட்டார். சித்தப்பா சன்னல் சீலையைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டார்கள். நான்தான் குதிகாலைக் காட்டினேன். டாக்டர் அது தனுர்வாதம், புண் வழியாக உடம்பில் ஏறும் ஜன்னி என்றார். ஊசி மருந்து திருநெல்வேலியிலிருந்து வரவேண்டும் என்றார். ஆள் போய் வாங்கிவந்து போட்டார்கள். அதற்குள் முற்றிவிட்டது.

நான் முன்னாலேயே சத்தியத்தை மீறியிருக்க வேண்டும்.

ஏசுதாசன்


தென்காசி
19-9-34

அண்ணாச்சி அவர்களுக்கு,

உங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு வாய் இல்லை. ஏசுதாசன் எழுதியனுப்பியதை அவனே வந்து என்னிடம் சொன்னான். பதினைந்து வயதுப் பையன் என் முகத்துக்கு நேரே நின்று சொன்னான். அதனால் எழுதுகிறேன்.

கோர்ட்டில் புல் தழைப்பதற்கு நாலு நாளாக வேலை என்று எழுதியிருந்தேன். துரைமாரின் குதிரை லாயத்திலிருந்து எருவை அள்ளிப் பின்கோட்டுப் பக்கம் பரப்பி மிதித்தேன். அந்த மண்ணில்தான் அவன் சாரலில் வெறுங்காலோடு ஓடினான். குதிரைச் சாணம் விழுந்த மண்ணிலேதான் இந்த நோய் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் என்னால் எழுத முடியவில்லை.

கடைசி ஆட்டத்தில் இரண்டு செட் முடிந்ததும் சங்கரபாண்டி என் பக்கம் வந்து உட்கார்ந்து ஷூவை இறக்கிக் காட்டினான். தோல் நாணய அகலத்துக்குப் பிய்ந்து சதை தெரிந்தது. ஏசுதாசன், "போதும் சித்தப்பா, விட்டுருவோம்" என்றான். சங்கரபாண்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வேண்டாம் என்று சொன்னால் எழுந்து வந்திருப்பான்.

அண்ணாச்சி, பதினோரு வருஷமாக அந்தக் கிளப்பில் இருக்கிறேன். அத்தனை துரைக்கும் எப்படி அடிக்க வேண்டுமென்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என்னை ஒருத்தன் ஒருநாள் போட்டியில் சேர்த்ததில்லை. சுற்றி நாற்காலி போட்டு அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் தோளில் கிடந்த துண்டைக் கிழித்து அவன் குதிகாலில் சுற்றினேன். எரு அள்ளும்போது கை துடைத்த துண்டு. "இன்னும் ஒரு செட்டுதாம்லே. பல்லக் கடிச்சிக்கிட்டு ஆடிரு" என்றேன்.

ஆடினான். அப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. ஆறுக்கு நாலு என்று தோற்றார்கள். தோற்றுவிட்டு என்னிடம் வந்து, "சித்தப்பா, ஒங்களுக்கு வருத்தமா?" என்று கேட்டான். நான் வலையை அவிழ்க்கப் போய்விட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. அன்றைக்கு வீடு வரைக்கும் அவனோடு பேசாமல் வந்தேன். மறுநாள் அவன் காலைப் பார்க்கவில்லை. அடுத்த நாளும் பார்க்கவில்லை. அந்த வாரத்தில் ஒருநாள் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தால் ஊசி போட்டிருப்பார்.

ஷூ சிறிது என்று தெரிந்தால் நீங்கள் தாங்கமாட்டீர்கள், அதனால்தான் மறைத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஷூவைச் சொன்னால் புண்ணைச் சொல்ல வேண்டும், புண்ணைச் சொன்னால் என்னைச் சொல்ல வேண்டும்.

மதினி கையால் இனி நான் சாப்பிடக்கூடாது. புளியறைப் பக்கம் ஒரு மரக்கடையில் ஆள் கேட்கிறார்கள். உங்கள் பதில் வந்ததும் போய்விடலாம் என்றிருக்கிறேன். பதில் வராவிட்டாலும் போய்விடுவேன்.

நெல்லையப்பன்


ரங்கூன்
30-9-34

நெல்லையப்பனுக்கு,

பேச்சித்தாய் கடிதமும் உன் கடிதமும் கையில் இருக்கின்றன. உன் கடிதத்தைப் படித்தபோது நீ எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. கடல் நடுவில் இருந்தது நல்லது.

நான் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. கடையில் ஷூ எடுக்கும்போது, "வளருகிற பையன், ஓர் அளவு பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கடைக்காரர் சொன்னார். பெரியதை எடுத்து என் கையிலும் கொடுத்தார். தொளதொளவென்று இருந்தால் துரைமார் சிரிப்பார்கள் என்று நான்தான் திருப்பி வைத்தேன். என் மகனின் கால் எவ்வளவு என்று முன்பின் தெரியாத ஒரு மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. பாதியில் விட்டுவிட்டு வராதே என்று எழுதியதும் நான்தான். நீ அதை உன் கடிதத்தில் குத்திக்காட்டவில்லை. கவனித்தேன்.

இதனால் உன் பங்கு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அவன் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று எழுதினாயே, அது என்னை விடாது. மன்னித்தேன் என்று எழுத முயன்று இரண்டு காகிதத்தைக் கிழித்துவிட்டேன். வரவில்லை.

வேலையை விட்டுவிட்டேன். அடுத்த கப்பலில் சென்னை வந்து, அங்கிருந்து ரயிலில் வருகிறேன். பேச்சித்தாயிடம் எல்லாவற்றையும் நான் சொல்லுகிறேன். அதுவரை நீ எதுவும் சொல்லாதே. வாத்தியார் மகனிடம் மட்டும் போய், அவன் உண்மையை எழுதியது சரி என்று நான் சொன்னதாகச் சொல். அந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு அலையக்கூடாது.

நீ புளியறைக்குப் போகக்கூடாது. நான் வரும்போது நீ வீட்டில் இருக்க வேண்டும். வந்தபின் உன்னோடு எத்தனை நாள் பேசமாட்டேன் என்று தெரியாது. ஒரு வருஷமும் ஆகலாம். அந்த ஒரு வருஷமும் நீ அந்த வீட்டில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவனை உள்ளபடி தெரிந்த ஆள் அங்கே நீ ஒருவன்தான். அவன் எப்படி நிற்பான், எப்படி ஓடுவான், எப்படிச் சண்டை போடுவான் என்று நான் யாரிடம் கேட்பேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
பலவேசம்